இடது பக்கம் கோபுரம்

"மேடு" என்றாள். அழுத்தினேன். மேடு என்றால் அழுத்த வேண்டும், விடுங்க என்றால் காலை நிறுத்த வேண்டும், குலுக்கும் என்றால் உட்காரும் இடத்தை லேசாகத் தூக்கிக்கொள்ள வேண்டும், இந்த மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டே தங்கக்கனி என்னைப் பாதி இத்தாலிக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சிவகாசியில் பெண்பிள்ளைகளுக்கு டிரில் சொல்லிக்கொடுத்தே பழுத்த தொண்டை. இரட்டைச் சைக்கிளில் முன்னால் அவள், பின்னால் அவள் புருஷன் நான். ஹேண்டில் அவளிடம், பிரேக் அவளிடம், கியர் அவளிடம். என் கைக்கும் ஒரு ஹேண்டில் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அது திரும்பாது, சும்மா பிடித்துக்கொள்ளத்தான், பெண் வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குக் கொடுக்கிற மரியாதை மாதிரி. இங்கே வாடகைக்கு எடுத்த, மோட்டார் வைத்த வண்டிதான் என்றாலும் மிதித்தால்தான் அதுவும் உதவுமாம். அந்தா ஆட்டுக் கூட்டம், பாத்தீங்களா என்கிறாள். பார்த்தேன் என்கிறேன். கத்தல் கேட்டது, புழுக்கை வாடை வந்தது, பார்த்தேன் என்று சொல்ல அது போதும். அவளுக்கு முதுகில் கண் கிடையாது, என் முகத்துக்கு நேரே அவள் முதுகு, அந்த முதுகை நம்பித்தான் இந்தப் பொய் ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று முன்தினம் காலையிலிருந்து எனக்கு எதுவுமே தெரியவில்லை. வெளிச்சம் தெரிகிறது, நிழல் தெரிகிறது, அதைத் தவிர ஒன்றும் இல்லை. இது அவளுக்குத் தெரியக் கூடாது, இன்றைக்கு மட்டுமாவது, இந்த மலை முடிகிறவரைக்குமாவது.

விழித்திரை நோய். மதுரையில் டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார், ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வரும், நடுவில் கடைசிவரை கொஞ்சம் நிற்கும், அது எவ்வளவு நாள் என்று யாராலும் சொல்ல முடியாது, மருந்து கிடையாது. ஒரு சத்து மாத்திரையாவது எழுதிக் கொடுங்க என்று கனி அவரிடம் சண்டைக்குப் போனாள். எனக்கு இதில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. என் தாய்மாமாவுக்கு இதுதான் வந்தது. அந்த மாமாவின் மகளைத்தான் நான் கட்டினேன், அவள்தான் முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாள். சொந்தத்துக்குள் கட்டினால் சொத்து வெளியே போகாது என்றார்கள் வீட்டில். சொத்து என்று எதுவும் இல்லை, இது ஒன்றுதான் வெளியே போகாமல் உள்ளேயே தங்கிவிட்டது. முதலில் உலகம் ஜன்னல் அளவுக்கு இருந்தது, பிறகு சாப்பாட்டுத் தட்டு, விமானம் ஏறும்போது ஒரு ரூபாய்க் காசு. அந்தக் காசுக்குள் எது விழுகிறதோ அதுதான் நான் பார்ப்பது. நேற்று முன்தினம் தங்கியிருந்த வீட்டில், காலைச் சாப்பாட்டு மேஜையில், அதற்குள் ஓர் உப்புக் குப்பியின் மூடி விழுந்தது. தகர மூடி, அதில் துளைகள், ஒரு துளையில் உப்புக் கட்டி அடைத்துக்கொண்டிருந்தது. எதற்கு அதைப் பார்த்தேன், வேறு வேலை இல்லாமல் பார்த்தேன். கண்ணை மூடித் திறந்தேன், மூடி இல்லை, கஞ்சித் தண்ணீரை ஊற்றினாற்போல ஒரு வெள்ளை. வரும் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். எதிரில் அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள், கத்தி உரசுவது கேட்டது. முகத்தை ஓர் அங்குலம் தூக்கியிருந்தால் கடைசியாக அவளைப் பார்த்திருப்பேன். ஓர் அங்குலம். உப்புக் குப்பியை என் ஆயுள் முழுக்க வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. காபி ஆறுதுங்க என்றாள். எடுத்துக் குடித்தேன், நல்லவேளை கை பட்ட இடத்தில் கோப்பை இருந்தது.

"விடுங்க." காலை நிறுத்தினேன், சங்கிலி சிரித்தது, முகத்தில் காற்று. இறக்கம் ஒன்றும் லாபம் இல்லை, இறங்கியதை எல்லாம் திரும்ப ஏற வேண்டும், சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பதை இந்த நாட்டில் ரோடாகவே போட்டு வைத்திருக்கிறார்கள். ஏதோ செடி வெயிலில் காய்ந்து மருந்து வாசம் அடிக்கிறது. ஆலிவ் மரம் ரெண்டு பக்கமும், நம்ம ஊர் வேலிக்காத்தான் மாதிரிதாங்க இருக்கு, இதுக்குப் போயி இவ்வளவு பேரு என்கிறாள். ஆமாம் என்கிறேன். ஆலிவ் இலை என்ன நிறம் என்று எனக்குத் தெரியும், நேரில் பார்க்காமலே தெரியும், மஞ்சளைக் குறைத்து, நீலத்தைப் பாதி விட்டு, கறுப்பைக் கொஞ்சம் தூவ வேண்டும். நான் செய்தது கண் வேலை. சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில், மெஷின் கக்குகிற தாளை எடுத்து நிறம் பார்க்கிறவன். நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு, நாலும் ஒன்றன் தலையில் ஒன்று சரியாக உட்கார்ந்தால்தான் படம், ஒரு முடி தள்ளிப்போனால் லட்சுமிக்கு நாலு உதடு. ஏ அருஞ்சுனை, உனக்குக் கண்ணா லென்ஸா என்பார் எங்கள் போர்மேன். அவர் வாயில் என்ன கருநாக்கோ. சாமி படம், குழந்தை படம், இயற்கைக் காட்சி, இந்த மூன்றும்தான் ஓடும். வெளிநாட்டு மலை எதுவானாலும் எங்கள் ஊருக்கு அது சுவிட்சர்லாந்து. ஒருமுறை சரஸ்வதி படத்துக்குப் பிளேட் போடுகிற இடத்தில் பிலிமைப் புரட்டி வைத்துவிட்டார்கள், கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகிப்போனது. அம்பாள் இடது கையால் வீணை மீட்டினாள். ஒரு பாட்டு வாத்தியார் கண்டுபிடித்து, மொத்த லோடும் திரும்பி வந்தது. போர்மேன் பிலிம்காரனைப் பிடித்துக் காய்ச்சிவிட்டுக் கடைசியில் சிரித்தார், சாமியிலே செஞ்சா மாட்டுவே, சீனரியிலே செஞ்சுக்கோ, மலைக்கு ஏதுடா சோத்துக்கை பீச்சாங்கை. அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

காஸ்தெல்வேராவும் ஒரு சீனரிதான். பம்பாயிலிருந்து வந்த ஸ்லைடு, அதன் அட்டைச் சட்டத்தில் யாரோ ஊர்ப்பெயரைப் பேனாவில் எழுதியிருந்தார்கள், அதனால்தான் பெயர் எனக்குத் தெரியும், இல்லாவிட்டால் அதுவும் சுவிட்சர்லாந்துதான். மலைச்சரிவில் ஒன்றின் தோளில் ஒன்று ஏறிய பழங்காலக் கல்வீடுகள், இடது கோடியில் சதுரமாக ஒரு மணிக்கோபுரம், வலது கோடியில் ஊசி ஊசியாகச் சைப்ரஸ் மரங்கள், எல்லாவற்றின் மேலும் சாயங்கால வெயில். அந்தக் கல்லின் நிறம் எனக்குப் பிடிகொடுக்கவே இல்லை. மெஜந்தாவைக் கூட்டினால் செங்கல் சூளை, மஞ்சளைக் கூட்டினால் லட்டு. ஒரு பகல் முழுக்க மெஷினை நிறுத்தி நிறுத்தித் தாளைப் பார்த்தேன், முதலாளி வந்து முறைத்துவிட்டுப் போனார், கடைசியில் அவித்த பனங்கிழங்கின் உள்பக்கம் மாதிரி ஒரு நிறம் வந்து நின்றது. அதைப் பார்த்ததும் தாளைக் கும்பிட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் கும்பிட்டேன். எங்கள் கல்யாண வருஷக் காலண்டர் அது. அடுப்படியில் மாட்டினேன், தேதியெல்லாம் கிழிந்து போனபிறகும் படம் அங்கேயே இருந்தது, தாளித்த புகையெல்லாம் அதன் மேல் ஏறியது. கண் போகிறதுக்குள்ளே எதைப் பாக்கணும் சொல்லுங்க என்று மதுரையிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் கேட்டாள். எரிச்சலில் காஸ்தெல்வேரா என்றேன். இமயமலை என்றிருக்கலாம், சந்திர மண்டலம் என்றிருக்கலாம். டிரில் டீச்சரிடம் வாயைக் கொடுத்தால் தப்ப முடியாது என்பது அப்போது உறைக்கவில்லை.

"குலுக்கும்." குலுக்கியது. கல் பாவிய ரோடு போல, பல் தந்தியடிக்கிறது. காரில் போகலாமே என்று ஜெர்மனியில் இருக்கும் மகள் ஜெயசுதா சொல்லிப்பார்த்தாள். காருலே போனா அப்பாவோட ஒரு ரூவாக் காசுக்குள்ளே எதுவும் நிக்காது, அதுக்குள்ளே ஓடிரும், மெதுவாப் போனாத்தான் ஒவ்வொண்ணா விழும் என்றாள் இவள். பழகிக்கொள்ள இரண்டு பழைய சைக்கிளை ஒட்டவைத்து ஒரு வண்டி செய்துதரச் சொல்லி ஊரில் வெல்டிங் பட்டறையில் போய் நின்றாள். திருத்தங்கல் ரோட்டில் விடிகாலையில் ஓட்டிப் பழகினோம், டீச்சர் சாரைக் கட்டித் தூக்கிட்டுப் போறாங்க என்று டீக்கடையில் சிரித்தார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று என் மைத்துனன் கேட்டான். இன்னும் கெடலை, அதான் போறோம் என்று தம்பியின் முகத்துக்கு நேரே சொன்னாள். அந்த வார்த்தையைத்தான் நான் இப்போது காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். அந்த ஊர் போட்டோ போனிலே இருக்கும்மா, பாரு என்று லீவுக்கு வந்திருந்த மகள் நீட்டினாள், இவள் தலையைத் திருப்பிக்கொண்டாள், பரீட்சைக்கு முன்னாடி கேள்வித்தாளைப் பாக்கப்படாது, அப்பாவும் நானும் நேரிலே ஒண்ணாப் பாப்போம். ஒன்றாக. அந்த ஒரு சொல் இரண்டு நாளாக என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம், கனி, வண்டியை நிறுத்து, போயிடுச்சு. சொன்னால் என்ன செய்வாள். நிறுத்துவாள். அழமாட்டாள். ரோட்டோரம் உட்கார்ந்து முழங்காலைத் தேய்ப்பாள், தேய்மானம் வந்த முழங்கால், இந்த மேட்டில் ஒவ்வொரு மிதிக்கும் அதிலிருந்து ஒரு சொடக்கு எனக்குக் கேட்கிறது. அந்த முழங்காலோடு இவ்வளவு தூரம் மிதித்தது ஓர் உப்புக் குப்பி மூடிக்கா என்று அவளிடம் எப்படிச் சொல்வது. முடியாது. மேலே போய், பார்த்தேன் என்று சொல்லிவிடுவேன். அந்தப் படத்தை என்னைவிட அதிகம் பார்த்தவன் உலகத்தில் உண்டா, எடுத்தவன்கூட அவ்வளவு நேரம் பார்த்திருக்கமாட்டான். இடது பக்கம் கோபுரம், வலது பக்கம் மரம், நடுவில் பனங்கிழங்கு நிறம். பிறகு இருட்டு வந்தால் வரட்டும், ஒரு வாரம் கழித்து ஊரில் வைத்து, இன்னைக்குத்தான் போச்சு என்று சொல்லிக்கொள்ளலாம்.

எதிரில் யாரோ ஒரு பெண் சத்தமாக ஏதோ சொல்கிறாள், கைதட்டுகிறாள், வயதான குரல். இவள் நிறுத்தாமலே பதில் சொல்கிறாள், ஆமாத்தா, ஏறிட்டே இருக்கோம், இன்னும் எம்புட்டுத் தூரம் இருக்கு. அந்தம்மா இத்தாலியில் நீளமாக விளக்குகிறாள். சரித்தா என்கிறாள் இவள். பக்கந்தானாம் என்று என்னிடம் திரும்பிச் சொல்கிறாள். இவளுக்கு உலகத்தில் எவரிடமும் பயம் இல்லை. எனக்குத்தான் எல்லாம் பயம். இருட்டு பயம் இல்லை, இருட்டில் அப்படி என்ன இருக்கிறது, பாதி ஜனம் ராத்திரியில் வாழ்கிறது. என் பயம் மாமாவின் கால். மாமாவுக்குப் பார்வை போனபிறகு அவரைப் பஸ் ஏற்றுவது இவள்தான், பாவாடை கட்டிய வயது, குனிந்து அவர் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் படியில் வைப்பாள், ஒரு பொருளை எடுத்து வைப்பதுபோல. மாமா எங்கோ பார்த்துக்கொண்டு காலைக் கொடுத்துவிட்டு நிற்பார். மில்லில் நாற்பது பேரை அதட்டி வேலை வாங்கிய மனிதர். அப்படிக் காலைக் கொடுத்த நாளிலிருந்து அவர் ஒருவரையும் அதட்டவில்லை, சாப்பாட்டில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. அத்தான், அப்பாவுக்கு இன்னொரு காலை நீங்க பிடிங்க என்று என்னைக் கூப்பிடுவாள். அப்போதெல்லாம் நான் அத்தான். மகள் பிறந்ததும் என்னங்க ஆனேன். அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் அத்தான் என்றாள், மாமா செத்த அன்று, அச்சகத்துக்குப் போன் போட்டு, அத்தான் என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள், மீதியை நானே புரிந்துகொண்டேன். நோய் தெரிந்த அன்றே நான் அவளிடம் கேட்டுக்கொண்டேன், கையைப் பிடி, தோளைப் பிடி, காலை மட்டும் தொடாதே. சரி என்றாள். சத்தியம் போல அதைக் காப்பாற்றுகிறாள், இந்தச் சைக்கிளில்கூட நான் காலால் துழாவித் துழாவிப் பெடலைக் கண்டுபிடிக்கும்வரை முன்னால் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்பாள். அவளுக்கு முன்னால் நான் போய்விட வேண்டும். அவள் முந்திக்கொண்டால் என்ன ஆகும், அந்த வீட்டில் எந்தச் சுவர் எங்கே இருக்கிறது, என்னை யார் கூப்பிடுவார்கள், கண்ணை ஒரு தடவை சோதித்துவிடு என்று ஜெயசுதாவிடம் யார் சொல்வார்கள். அதையும் நான் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, உனக்கு அப்பன் வைத்துவிட்டுப் போவது இதுதான் என்றா. மேடு. மேடு. அழுத்திக்கொண்டுதான் இருக்கிறேன், கனி.

"விடுங்க" என்றாள், பிரேக் கீச்சிட்டது. "வந்துட்டோம். இறங்குங்க." ஒரு வளைவாக இருக்க வேண்டும், ஒரு பக்கம் காற்று திறந்து வந்தது, பள்ளத்தாக்கின் காற்று. இடுப்பு உயரத்துக்கு ஒரு கல்சுவர் கைக்குத் தட்டுப்பட்டது, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராக நின்றேன். வெயிலில் சுட்டது. இந்தக் கல்லா, இதே கல்லாகத்தான் இருக்கும், விரலுக்குச் சொரசொரப்பு மட்டும் தெரிகிறது, நிறம் விரலுக்குத் தெரியாது. கண்ணை அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நப்பாசை இருந்தது. இவ்வளவு தூரம் வந்ததற்கு ஒரு நொடி, அந்த ரூபாய்க் காசு ஒரே ஒரு தடவை திறந்து மூடாதா, கோபுரத்தின் நுனி போதும், ஒரு மரம் போதும். கஞ்சித் தண்ணீர். வெறும் கஞ்சித் தண்ணீர். பக்கத்தில் இவள் மூச்சு விடுகிற சத்தம் மட்டும். பிறகு மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு, முதுகுக்குப் பின்னால் எதையோ ஒளித்து வைத்திருக்கிற பிள்ளை மாதிரி.

"என்னங்க, பாத்தீங்களா? ஏதாச்சும் தெரியுதா?"

தெரியுதா என்கிறாள். சந்தேகம் வந்துவிட்டதா. குரலில் சந்தேகம் இல்லை, குஷிதான் இருக்கிறது. மாட்டக் கூடாது, இங்கே வந்து மாட்டக் கூடாது. நான் தலையை மெதுவாக இடமிருந்து வலமாகத் திருப்பினேன், மெஷினிலிருந்து எடுத்த தாளைப் பார்ப்பதுபோல. "அப்படியே இருக்கு கனி" என்றேன். "ஒரு புள்ளி மாறலே."

"அப்படியேவா?"

"அப்படியே. அந்தா இடது பக்கம் கோபுரம். வலது பக்கம் மரமெல்லாம் வரிசையா. கல்லு பாரு, நான் போட்ட நிறம்தான்."

பின்னால் ரோட்டில் சைக்கிள்காரர்கள் இரண்டு மூன்று பேர் சாவ் என்று கத்திக்கொண்டு போனார்கள், இந்த ஊர் வணக்கம் அது, தினமும் இவள் அவர்களைவிடச் சத்தமாகத் திருப்பிச் சொல்வாள். இன்றைக்குச் சொல்லவில்லை. நெகிழ்ந்துபோய் நிற்கிறாள் என்று நினைத்தேன். நல்லதாகப் போயிற்று, அவளுக்கு இது கிடைத்துவிட்டது, இனி எது எடுத்துக்கொண்டு போனாலும் இது அவளுக்கு இருக்கும்.

"ஆமா அத்தான்" என்றாள். "இடது பக்கம்தான்."

அத்தான். ஏன் அத்தான். யார் செத்துப்போனார்கள். அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு நின்றேன், அதற்குள் மதிய மணி அடிக்க ஆரம்பித்தது. பெரிய வெண்கல மணி, பள்ளத்தாக்கு முழுக்க அதிர்ந்தது, என் கையின் கீழே சுவர்கூட அதிர்ந்ததுபோல இருந்தது. வலது பக்கத்திலிருந்து அடித்தது. எதிரொலியாக இருக்கும் என்று காதைத் திருப்பினேன். வலது பக்கம். வேறு கோயில் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். படத்தில் வேறு கோபுரம் கிடையாது, அதில் எத்தனை ஜன்னல் என்பதுகூட எனக்குத் தெரியும். மணி விடாமல் வலது காதில் வந்து வந்து விழுந்தது, இடது காதுக்குக் காற்று மட்டும், அந்தப் பக்கம் ஊசி மரங்கள் நின்று அசைகிற இரைச்சல். மலைக்கு ஏதுடா சோத்துக்கை பீச்சாங்கை. பிலிமைப் புரட்டி வைத்திருக்கிறார்கள். எல்லா நிறத்துக்கும் சேர்த்துப் புரட்டிவிட்டால் எந்தக் கொம்பனுக்கும் தெரியாது, நாலும் ஒன்றன் மேல் ஒன்று அழகாக உட்கார்ந்துகொள்ளும், நான் முடி அளவு தள்ளியதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எத்தனை வீட்டுச் சுவரில் அந்த ஊர் திரும்பித் தொங்கியது, எங்கள் அடுப்படியிலும் தொங்கியது, அவளும் நானும் அதைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தோம். வந்து நின்றதுமே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் அந்தச் சிரிப்பு. அச்சகத்துக்காரப் புருஷன் இப்போது கண்டுபிடிப்பான், போர்மேனைத் திட்டுவான், சேர்ந்து சிரிக்கலாம் என்று காத்திருந்திருக்கிறாள். நான் தலையைத் திருப்பித் திருப்பி இடது பக்கம் கோபுரம் என்றேன்.

மணி நின்றது. சொல்லவேண்டியது எல்லாம் வாய்வரை வந்தது, எப்போதிலிருந்து என்று அவள் கேட்டால் போதும், உப்புக் குப்பியைக்கூடச் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்கிறீங்களா என்றாள். வேண்டாம் என்றேன். போட்டோ எடுக்கவா என்று நான்தான் கேட்டேன், எதையாவது பேச வேண்டும் என்று. வேண்டாங்க, அதான் பாத்துட்டோமே என்றாள், டிரில் டீச்சர் குரல் அதில் இல்லை, பஸ் ஸ்டாண்டில் அப்பாவோடு பேசுகிற பெண்ணின் குரல். ஊருக்குள்ளே போய்ச் சாப்பிடலாம், கொஞ்சந்தான் மேடு என்றாள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துகிற சத்தம் கேட்டது. என் கையை எடுத்துப் பின் இருக்கையில் வைத்தாள், ஏறி உட்கார்ந்தேன். எப்போதும்போல வலது காலால் பெடலைத் துழாவினேன், கிடைக்கவில்லை, காற்றில் இன்னும் கொஞ்சம் துழாவினேன். கீழே அவள் முழங்கால் சொடக்கியது, இரண்டு முழங்காலும். குனிகிறாள். வேண்டாம் கனி என்று சொல்ல நினைத்தேன். அவளுடைய இரண்டு கையும் என் செருப்பைப் பிடித்துத் தூக்கிப் பெடலில் வைத்தன, கால் சரியாக உட்கார்ந்ததா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தன. நான் எதிரே இருந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் அந்தப் பக்கம் சுற்றி வருவது கேட்டது. அடுத்த காலையும் கொடுத்தேன்.